தண்ணீர் தெளியும்வரை

வீடு
ஏப்ரல் 4

அன்புள்ள காத்தாடிக்கு,

போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்டு எழுதுகிறேன். "சேர்ந்துவிட்டேன் அத்தை" என்று ஒரே ஒரு வரி எழுதி நம் பஸ்காரன் மீசை கையில் கொடுத்தனுப்பினாயே, அது கடிதமா, ரசீதா? உன் ஏரிக்கரையில் போன் சிக்னல் எடுக்காது என்று தெரிந்தேதான் போயிருக்கிறாய். பரவாயில்லை. இத்தனை வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவளுக்கு ஒரு கடிதம் அனுப்ப வழி தெரியாதா? நான் பஸ் நிலையத்தில் மீசையிடம் கொடுப்பேன். அவன் தன் வண்டியை உன் ஏரித் திருப்பத்தில் நிறுத்தி உன்னிடம் கொடுப்பான். ஓட்டுநர்களுக்குள் இது பழைய வழக்கம். மருந்து, சாவி, மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி, ஒருமுறை ஒரு பூனைக்குட்டிகூட இப்படிக் கைமாறிப் போயிருக்கிறது. காகிதத்தில் டீசல் வாசம் அடித்தால் மூக்கைச் சுளிக்காதே.

உன் அலுவலகத்து மேலாளர் அம்மா போன் செய்தார். எப்போது வேலைக்குத் திரும்புவாய் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நடந்ததற்கு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை என்றும் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். குறை சொல்ல அதில் என்ன இருக்கிறது? காது கேளாத ஒரு பெண்ணிடம் "உங்கள் கணவர் இறந்துவிட்டார்" என்று டாக்டர் சொல்கிறார். அதைச் சைகையில் அவளுக்குச் சொல்ல வேண்டியவள் நீ. அதே வார்த்தையை அதே ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்லி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கை அந்தரத்தில் நின்றுபோகாமல் என்ன செய்யும்? கை என்ன சுவிட்சா, தட்டினால் ஓடுவதற்கு என்று கேட்டுவிட்டேன். பட்டென்று போனை வைத்துவிட்டார். நீ திரும்பிப் போகும்போது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கை ஓடவில்லை, பசிக்கவில்லை, சூடு உறைக்கவில்லை என்றால் வீட்டிலேயே இருந்து ஓய்வெடுக்கலாமே. அடுப்பில் பட்டுத் தோல் உரிந்ததுகூட உனக்குத் தெரியவில்லை. நான்தானே பார்த்துச் சொன்னேன். அங்கே யார் பார்த்துச் சொல்வார்கள்? பள்ளிக்கூடத்துத் தோழி கூப்பிட்டாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். உங்கள் கட்டிலில் என் பையன் படுத்த பக்கமும் நீ படுத்த பக்கமும் இப்போது ஒரே மாதிரி, சுருக்கமே இல்லாமல் கிடக்கின்றன. அந்த அறைக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் அத்தை


ஏரிக்கரை
ஏப்ரல் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மீசை ஜன்னல் வழியாக நீட்டினார். பதில் வாங்காமல் திரும்பக்கூடாது என்று உங்கள் உத்தரவாம். மறுநாள் வரும்போது தயாராக இருக்க வேண்டும் என்று மிரட்டிவிட்டுப் போனார். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் அறை படகுக் கொட்டகைக்கு மேலே இருக்கிறது. எல்லாம் மரம். தரைப் பலகை இடுக்குகளில் கீழே தண்ணீர் தெரியும். காலை வெயில் தண்ணீரில் பட்டு, அந்த இடுக்குகள் வழியாக மேலே வந்து, கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். விழித்ததும் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடப்பேன். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றாது. படுத்திருக்க வேண்டும் என்றும் தோன்றாது.

என் தோழியை நீங்கள் பார்த்ததில்லை. நெட்டையாக, நீளக் கழுத்தோடு இருப்பாள் என்று பள்ளியில் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தோம். இப்போது பொருத்தமாக ஏரியின் காவலராகவே ஆகிவிட்டாள். எங்கிருந்தோ வந்த ஒரு களை ஏரி முழுக்கப் படர்ந்து மீன்களுக்கு மூச்சு முட்டுகிறதாம். இயந்திரத்தை விட்டால் ஏரியின் சொந்தச் செடியும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் கையால்தான் பிடுங்க வேண்டும். நாங்கள் நாலைந்து பேர் மார்பு வரைக்கும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு காலையில் இறங்குகிறோம்.

இலையைப் பார்த்தால் இரண்டு செடியும் ஒன்றுபோலவே இருக்கும். வேரில்தான் வித்தியாசம். களையின் வேர் சிவப்பு, ஏரியின் செடிக்கு வெள்ளை. ஆனால் தண்ணீரில் கால் வைத்ததும் சேறு கலங்கி ஒன்றும் தெரியாமல் போய்விடும். அதனால் இங்கே ஒரு சட்டம். இறங்கியதும் அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் தெளிந்து தன் பாதம் தனக்குத் தெரிந்த பிறகுதான் குனிய வேண்டும்.

அந்த நிற்பதுதான் என்னால் முடியவில்லை, அத்தை. நின்றால் அவர் போன அந்தக் காலைப்பொழுது வந்துவிடுகிறது. குழாய் ஓடுகிறது. அவர் பல் தேய்த்துக்கொண்டே என்னிடம் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று கேட்க நான் அடுப்படியிலிருந்து திரும்புகிறேன். அப்புறம் அவர் விழுந்த அந்தச் சத்தம். அது வருவதற்குள் கலங்கலிலேயே கையை விட்டுப் பிடுங்கத் தொடங்கிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் நான் கரையில் போட்ட குவியலைக் கொக்கு கிளறிப் பார்த்தாள். முக்கால்வாசி வெள்ளை வேர். எதைக் காப்பாற்ற வந்தோமோ அதையே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அவள் திட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி நட்டாள். நானும் கூட நட்டேன்.

தண்ணீர் குளிர்கிறதா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் நடுங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எப்போது வருவேன் என்றும் தெரியவில்லை. கோபப்படாதீர்கள். முட்டிக்குத் தைலம் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
காத்தாடி

பேசும்போது கை இரண்டும் சுற்றுகின்றன என்று நீங்கள் வைத்த பெயர். இப்போது அவை சும்மா மடியில் கிடக்கின்றன. வேறு பெயர்தான் தேட வேண்டும்.


வீடு
ஏப்ரல் 21

அன்புள்ள காத்தாடிக்கு,

வேறு பெயர் எல்லாம் கிடையாது. வைத்தது வைத்ததுதான்.

தண்ணீரில் இறங்கிச் சும்மா நிற்பதற்கு ஒரு வேலை, அதைப் பார்க்க ஒரு காவலர், அதற்கு ஒரு சட்டம். படித்ததும் சிரிப்பு வந்தது. சட்டம் கிட்டம் இல்லாமல் எருமைகூட அதைச் செய்யுமே. மனசை ஓர் இடத்தில் நிறுத்துவது பற்றி உன் கொக்கு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல். வலது கண்ணாடியில் சைக்கிள், இடது கண்ணாடியில் ஓடி வருகிறவர், முன்னால் குறுக்கே பாயும் நாய், முதுகுக்குப் பின்னால் சீட்டுச் சண்டை. ஒரு நொடி கவனம் பிசகினால் ஒரு பஸ் ஜனம் போச்சு. அவனை அடக்கம் செய்த மறுவாரமே வண்டி எடுத்தவள் நான். ஒரு நாள், ஒரு நிமிஷம் பிசகியதில்லை. நீயும் அப்படி வேலையில் இறங்கியிருந்தால் சரியாகியிருக்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

நம் கட்டடச் செயலாளர் மாடிப்படியில் என்னை நிறுத்திப் பாராட்டினார். நம் வீட்டில் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டதாம். பல்லைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து நீ அழுதது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அவ்வளவு நேரம் குளித்தவள் தலை நனையாமல் வெளியே வருவாய். நானும் பார்த்தும் பார்க்காததுபோல் துண்டை நீட்டுவேன். கேட்டால் உடைந்துவிடுவாயோ என்று பயம். அவ்வளவுதான்.

கம்பளிக் காலுறை மீசையிடம் கொடுத்திருக்கிறேன். குளிர் உனக்குத் தெரியாவிட்டாலும் காலுக்குத் தெரியும். போட்டுக்கொள்.

எப்போது வருகிறாய்?

உன் அத்தை


ஏரிக்கரை
மே 3

அன்புள்ள அத்தைக்கு,

தண்ணீர்ச் செலவு பாதிதான் குறைந்ததா? மீதிப் பாதி யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? நீங்கள் உள்ளே போனால் குழாயைத் திறப்பது போதாது என்று வாளியையும் கவிழ்த்து வைப்பீர்கள், தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று. நான் வெளியே உட்கார்ந்து நீங்கள் அழுது முடிக்கும்வரை செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் முறை வைத்து அழுதிருக்கிறோம். கொக்கிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன வாரம் நாணல் என் விரலை அறுத்தது. சுருக்கென்றது. சுருக்கென்றது என்று நீங்கள் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். வலித்தது, அத்தை. என் விரல், என் ரத்தம், எனக்கு வலித்தது. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரிசு வாங்கியவளைப்போலக் கரைக்கு ஓடினேன். கொக்கு துணி சுற்றிக் கட்டும்போது அழுகை வந்தது. குழாய் இல்லை, கதவு இல்லை, வானம் முழுக்கத் திறந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ரப்பர் உடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் காலோடு இறங்கினேன். குளிர் காலைப் பிடித்தது, இடுப்பைப் பிடித்தது, மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு கொடுத்தது. சேறு விரல்களுக்கு நடுவே பிதுங்கி வந்தது. அசையாமல் நின்றேன். வழக்கம்போல அவர் வந்தார். பல் தேய்த்தார். ஏதோ சொன்னார். விழுந்தார். நான் ஓடவில்லை. உள்ளங்காலைச் சேறு பிடித்திருந்ததால் ஓடவும் முடியாது. குஞ்சு மீன்கள் வந்து காலைக் கொத்தின, கூசியது. நின்றுகொண்டே இருந்தேன். மேகம் ஒன்று என் காலருகே தண்ணீரில் மிதந்து போனது. கலங்கல் மெதுவாக, தூக்கம் வருகிறவர் கண் மூடுவதுபோல, அடியில் படிந்தது. என் விரல்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு சிவப்பு வேர் தெரிந்தது. குனிந்து எடுத்தேன்.

நம் வீட்டில் சாமி கும்பிடும் பழக்கமில்லை. எனக்குப் பிரார்த்தனை எதுவும் தெரியாது. ஆனால் சேற்றுக்குள் கை போய் வேரைத் தொடும்போது உடம்பு தானாகவே தலை குனிகிறது. யாருக்குக் குனிகிறது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன என்றும் இருக்கிறது.

அன்று மத்தியானம் பசித்தது. கொக்கின் தட்டிலிருந்த ரொட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

உங்கள்,
காத்தாடி


வீடு
மே 12

அன்புள்ள காத்தாடிக்கு,

பசித்தது என்று எழுதியிருந்ததை நாலைந்து தடவை படித்தேன். மீசையிடமும் படித்துக் காட்டினேன். "அடுத்தவங்க தட்டுல கை வெச்சாச்சுன்னா தேறிடுச்சுன்னு அர்த்தம்" என்றான். அவன் அபூர்வமாகத்தான் சரியாகப் பேசுவான்.

இப்போது நான் ஒன்று கேட்கப்போகிறேன். மே முப்பது வருகிறது. அவன் போய் ஒரு வருஷம். யாரையும் கூப்பிடவில்லை, எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. நீயும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் போதும். பேசக்கூட வேண்டாம். அன்றைக்கு ஒரு நாள் என்னால் தனியாக இருக்க முடியாது, காத்தாடி. இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். டிப்போவில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

காலை மீசையின் வண்டியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வந்துவிடு.

உன் அத்தை


ஏரிக்கரை
மே 20

அத்தை,

முப்பதாம் தேதி காலை வண்டியில் கட்டாயம் வருகிறேன். இது ரசீதுதான். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காத்தாடி


ஏரிக்கரை
மே 31

அன்புள்ள அத்தைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. காலையிலிருந்து காகிதத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சீக்கிரமே எழுந்துவிட்டேன். பையைக் கட்டிக் கரையில் வைத்தேன். வண்டிக்கு நேரமிருந்தது. போவதற்கு முன் கொஞ்சம் தண்ணீரில் நின்றுவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். அப்போது ஏரியைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். காது கேளாத பிள்ளைகள். கொக்கு ஏதேதோ சொல்கிறாள், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்த ஆசிரியை ஒரே ஆள், எல்லோரையும் சமாளிக்க முடியாமல் திணறினார். ஒரு சின்னப் பெண் கரையோரம் வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள், "தண்ணிக்குள்ள என்ன இருக்கு?" என்று, விரலால்.

என் கை பதில் சொன்னது, அத்தை. நான் சொல்லச் சொல்லவில்லை. சேறு சொட்டச் சொட்ட அதுவே மேலே வந்து சொன்னது. வேர் இருக்கிறது, மீன் இருக்கிறது, என் கால் இருக்கிறது என்று. அவள் சிரித்தாள். உடனே எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். மீன் தூங்குமா? தூங்கும்போது கண்ணை மூடுமா? நீ ஏன் நிற்கிறாய்? மீனுக்கு நாங்கள் நடப்பது கேட்குமா? சிலர் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். அவர்களை என்னோடு நிற்க வைத்தேன். எல்லோரும் சேர்ந்து தண்ணீர் தெளிவதற்காகக் காத்திருந்தோம். அத்தனை பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. வெயில் எல்லோருடைய கைமேலும் இருந்தது. எனக்குப் பறப்பதுபோல் இருந்தது.

மீசை வந்து ஹாரன் அடித்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு கரையில் பையைப் பார்த்தேன். யாருடைய பை என்று ஒரு கணம் யோசித்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. இன்றைக்கு என்ன நாள், நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று. நாளுக்கு ஒரே வண்டி, காலையில் வந்து அப்படியே டவுனுக்குத் திரும்புவது. அது போய்விட்டது.

உங்களிடம் பொய் சொல்லலாம். காய்ச்சல் என்று எழுதலாம். நாம் ஒருவருக்கொருவர் நிறையக் குழாய் திறந்துவிட்டோம், இனி வேண்டாம். அந்தக் காலை முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். அவரை நினைக்கவில்லை. உங்களையும் நினைக்கவில்லை. அவர் இறந்த நாளில், இறந்த நேரத்தில், நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி வரும் பிள்ளைகளுக்குச் சைகையில் ஏரியைக் காட்ட ஆள் வேண்டும், நிரந்தர வேலை, இருக்கிறாயா என்று கொக்கு கேட்கிறாள். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான்.

உங்கள்,
காத்தாடி


ஏரிக்கரை
ஜூன் 10

அன்புள்ள அத்தைக்கு,

மீசை தினமும் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்குகிறார். என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். நேற்று அதுகூட இல்லை. நேராகப் பார்த்து ஓட்டினார்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? திட்டியாவது எழுதுங்கள்.

காத்தாடி


ஏரிக்கரை
ஜூன் 22

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மௌனம் எனக்குப் புரிந்துவிட்டது. வேலை வேண்டாம் என்று கொக்கிடம் சொல்லிவிட்டேன். மாத முடிவுவரை யோசி என்றாள். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன்.

வரும் சனிக்கிழமை மீசையின் வண்டியில் வீட்டுக்கு வருகிறேன். இந்த முறை காலையில் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டேன். உங்களோடு இருக்கிறேன். நீங்கள் என்னைத் தவிர யாருமில்லாமல் இருக்கிறீர்கள் என்பதை மறந்து நான் அங்கே சிரித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

உங்கள்,
காத்தாடி


சனிக்கிழமை காலை

காத்தாடி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது வராது. மே முப்பது அன்று இரண்டு தட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மீசை மட்டும் வந்து நின்றான். நீ தண்ணீரில் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்ததை வண்டியிலிருந்தே பார்த்தானாம். ஹாரன் அடித்தும் நீ திரும்பவில்லையாம், இறங்கி வந்து கூப்பிட மனசு வரவில்லையாம். அவன்மேலும் எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறான், இவளுக்கு மீன் தூங்குகிறதா என்பது கேள்வியா என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். பதில் போடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். நீ எழுதிய கடிதங்களைச் சீருடைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இந்த வாரம் ஒரு மத்தியானம் வண்டி நிறைய ஜனம். நான் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கியர் மாறுகிறது, கால் தன் பாட்டுக்கு மிதிக்கிறது. ஆனால் நான் அங்கே இல்லை. மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரோ தோளைத் தட்டினார்கள். அப்புறம்தான் கேட்டது, வண்டியே கத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தம், பள்ளிக்கூட நிறுத்தம், சந்தை நிறுத்தம், எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறேன். ஒன்றிலும் நிற்கவில்லை. ஒரு சத்தமும் காதில் விழவில்லை. உன்னிடம் அவ்வளவு பீற்றிக்கொண்டேனே, அந்தக் கவனத்தின் லட்சணம் இதுதான். யார்மேலாவது ஏற்றியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கை ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்துவிட்டு இறங்கினேன். சாலையோரம் ஒரு பெரிய மரம். என்ன மரம் என்று கேட்காதே. அந்த வழியாக இத்தனை வருஷம் போயிருக்கிறேன், அது இருப்பதே எனக்குத் தெரியாது. விழாமல் இருக்க அதன்மேல் கையை ஊன்றினேன். பட்டை வெயிலில் சூடேறியிருந்தது. அந்தச் சூடு உள்ளங்கையில் பட்டதுதான் தெரியும், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது என்னுடையது என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சீருடையோடு, ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால், பட்டப்பகலில் நின்று கதறினேன்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். சலவைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தினமும் என் வண்டியில் வருகிறவள், இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். ஏன், என்ன என்று கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக இறங்கி நிழலில் நின்றார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அவசரக்காரர்கள் அடுத்த வண்டியைப் பிடித்தார்கள், அவர்களும் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள்.

அழுது ஓய்ந்தபோது காற்று வந்தது. இலை நிழல் என் முழங்கையில் ஆடியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் நான் ஓட்டுநர் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் இல்லை, உன்மேல் கோபமாக இருந்தவளும் இல்லை. மரத்தடியில் நிற்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். சுகமாக இருந்தது, காத்தாடி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுகமாகத்தான் இருந்தது. அவன் நினைப்பே வரவில்லை. பிறகு வந்தான். எப்போதும் நெஞ்சில் ஏறி மிதித்துக்கொண்டு வருவான், அன்றைக்கு அப்படி வரவில்லை. சலவைக்கடைப் பெண்ணைப்போல, பக்கத்தில் வந்து சும்மா நின்றான்.

உன் மே முப்பத்தொன்றாம் தேதிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே மறுபடி படித்தேன். அப்போதுதான் புரிந்தது. நீ அவனை மறக்கவில்லை. கொஞ்ச நேரம் இறக்கி வைத்தாய். நானும் அன்றைக்கு இறக்கி வைத்தேன். தூக்கிக்கொண்டே திரிந்தால்தான் பாசம் என்று நமக்கு யார் சொன்னது? இதற்குள் மீசை உன் கடைசிக் கடிதத்தைக் கொண்டுவந்தான். சந்தோஷமாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. மருமகளை இப்படி ஒரு மன்னிப்பு எழுத வைத்தவள் என்ன மாமியார்?

டிப்போ அதிகாரி விசாரித்தார். நிறுத்தங்களில் நிற்காததையும் நடுவழியில் நிறுத்தியதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இந்த லீவை நீங்க போன வருஷமே எடுத்திருக்கணும்மா" என்றார். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இல்லை. கை லேசாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏரித் திருப்பத்தில் பையோடு நிற்பாய். மீசை வண்டியை நிறுத்துவான், இந்தக் கடிதத்தைக் கொடுப்பான், ஆனால் உன்னை ஏற்றமாட்டான். நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன், அவனோடு சண்டைக்குப் போகாதே. நேராகக் கொக்கிடம் போய் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று சொல். எனக்காகத் திரும்பி வந்தாய் என்றால் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், உன் கை மறுபடி செத்துப்போகும். அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன எனக்குத் தெம்பில்லை.

எழுத்து ஏன் கோணல் என்றால், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் ஆயுசில் எப்போது பயணியாக உட்கார்ந்தேன் என்று ஞாபகமில்லை. இந்த மீசை ஒரு பள்ளத்தையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் பக்கம் என்னென்னவோ பச்சையாகப் போகிறது, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். நீ தலையைத் தூக்கினால் கடைசி ஜன்னலில் நான் தெரிவேன்.

தங்குவதற்கு வரவில்லை. உன்னைக் கூட்டிப்போகவும் வரவில்லை. உன் பக்கத்தில் அந்தத் தண்ணீரில் ஒரு தடவை நிற்க வேண்டும்போல் இருக்கிறது. உனக்கு என்மேல் இன்னும் மனசு ஆறவில்லை என்றால் சொல்லிவிடு. முகம் கோணாமல் இதே வண்டியில் திரும்பிவிடுவேன்.

மீசை அதிக நேரம் நிறுத்தமாட்டான். இறங்கட்டுமா?

அத்தை